சொன்னால் வந்துவிடும்

இருமுகிறாள். கூடத்துச் சோபாவில் சாய்ந்துகொண்டு என் மகள் வினோதினி இருமுகிறாள், நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருக்கிறேன். இதை இருமல் என்றே சொல்லக் கூடாது. சளி இல்லை, கரகரப்பு இல்லை, தொண்டையில் தூசி பட்டவள் செருமுகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான். எனக்கா தெரியாது இருமல். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆயுசையே கழித்தவள் நான். கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு நிஜமாகவே இருமுகிறவர்கள் உண்டு. சீட்டை நீட்டும்போது மட்டும் இருமுகிறவர்கள் உண்டு, பாட்டில் கைக்கு வந்ததும் இருமலை ஜன்னலிலேயே விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். தில்லைநாயகி மேடத்துகிட்ட நடிப்பு செல்லாது என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். செல்லாதுதான். வினோதினி நடிக்கிறாள் என்று நான் சொல்லவில்லை, பெற்ற பெண்ணை அப்படிச் சொல்வேனா. அவளுக்கு வலி வருகிறது, வரவழைத்துக்கொள்கிறாள், இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். எறாவின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழுத்துப் போடுகிறேன். மறுபடியும் இருமுகிறாள். அந்தப் பெண் இருமலைச் சொன்னாளா. மூச்சு வாங்கினால் என்றாள். நெஞ்சு குத்தினால் என்றாள். மூன்றாவதாக ஒன்று சொன்னாள், அது இருமலா, காய்ச்சலா. காய்ச்சல் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சலாகத்தான் இருக்கும்.

அந்தப் பெண் என்றால் ஜெசிந்தா, பிசியோதெரபிஸ்ட், காலையில் மஞ்சக்குப்பத்துக் கிளினிக்கில் இவளுக்கு ஊசி குத்தியவள். எத்தனை மாதமாகப் போனில் யாரிடமோ கழுத்து, கழுத்து, கழுத்து. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும். என் கழுத்து வலித்ததில்லையா, நான் யாரிடம் போய்ச் சொன்னேன். ஆபீசில் யாரோ சொன்னார்களாம், ட்ரை நீடிலிங் என்று ஒன்று இருக்கிறதாம், தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியை இறுகிக் கிடக்கிற சதைக்குள் இறக்கினால் முடிச்சு அவிழ்ந்து வலி விட்டுவிடுமாம். "என்ன மருந்து ஏத்துறாங்க?" என்றேன். "மருந்து கிடையாதும்மா, வெறும் ஊசிதான்." மருந்து இல்லாத ஊசி. எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்கு அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டுதான் கூடப் போனேன். ஜெசிந்தா சின்னப் பெண், கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டு பக்குவமாக ஆரம்பித்தாள். "முதல்ல கொஞ்சம் சொல்லிடறேன் மேடம். குத்தின இடம் ஒண்ணு ரெண்டு நாள் கனமா வலிக்கும். ரத்தம் கட்டி நீலமாகலாம். சிலருக்குத் தலை சுத்தும். அப்புறம் ரொம்ப அபூர்வமா..." நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இவகிட்ட அதெல்லாம் சொல்லாதீங்கம்மா. சொன்னா வந்துடும். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் பார்மசிஸ்ட்." ஜெசிந்தா இவளைப் பார்த்தாள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்தாள். படுத்தால் முதுகுத் தண்டு வரிசையாகத் தெரிகிறது, அவ்வளவு ஒல்லி. அவள் அப்பா மாதிரி உயரம், அவர் மாதிரியே எலும்பு. கடைசி ஊசி வலது தோளுக்கு மேலே. அப்போதுதான் உடம்பைத் தூக்கிப் போட்டாள். "ரொம்ப உள்ள போன மாதிரி இருக்கு" என்றாள். "ஆடாம படுடி, அவங்க வேலையைப் பாக்கட்டும்" என்றேன். சதை துள்ளும், அது நல்லதுதான் என்று ஜெசிந்தாவும் சொன்னாள். ஆனால் அந்த ஊசியைச் சீக்கிரமாகவே எடுத்துவிட்டாள். எடுத்தாளா. எடுத்தாள்.

சொன்னால் வந்துவிடும் என்பது நான் கற்பனை பண்ணிச் சொன்னது இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் இவளுக்குக் காதில் சீழ் வைத்தது, மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அட்டையோடு வருகிற காகிதத்தை எடுத்து மடி மடியாகப் பிரித்துப் படித்தாள். குமட்டலாம், அரிக்கலாம், கண் மங்கலாம். சாயந்திரத்துக்குள் மூன்றும் வந்துவிட்டது. அரிக்கிறது என்று கையைச் சொறிந்து ரத்தம் வர வைத்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குள் வருகிற மாத்திரையில் காகிதம் இருக்காது, நானே கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு எதுவும் வந்ததில்லை. அப்புறம் காலேஜில் ஒற்றைத் தலைவலி. விளக்கைப் போடாதே, மிக்ஸியைப் போடாதே, யாரும் பேசாதே. ஒரு நாள் புது மாத்திரை வந்திருக்கிறது, ரொம்ப வீரியம், பாதிதான் போடணும் என்று சொல்லிக் கொடுத்தேன். அரைமணியில் எழுந்து முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள், சுத்தமாப் போயிடுச்சும்மா என்றாள். நான் கொடுத்தது வெறும் பி காம்ப்ளக்ஸ். அவளிடம் சொல்லவில்லை. என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், தம்பி பெண்சாதி தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். இவள் எதிர் வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. அந்த முகம் எதற்கு இப்போது ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகு இவள் என்னிடம் தலைவலி என்று சொன்னதே இல்லை. குணமாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன், அதில் என்ன தப்பு. இந்தக் கழுத்து வலியைக்கூட என்னிடம் சொல்லவில்லை, போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

"அம்மா." கூடத்திலிருந்து குரல். "என்ன?" "ஒண்ணுமில்லை." இதுதான். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு எதற்குக் கூப்பிடுவது. நான் எழுந்து வந்து என்னவென்று கேட்க வேண்டும், கேட்டால் சொல்வாள், சொன்னதும் அது பெரிதாகும். நான் கேட்க மாட்டேன். ஆட்டோவில் வரும்போதும் இப்படித்தான், வேகத்தடையில் ஏறி இறங்கினபோது வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நெஞ்சுல ஒரு மாதிரி பிடிக்குதும்மா." "ரோடு அப்படி" என்றேன். "மூச்சு இழுத்தா குத்துது." "அப்ப மெதுவா இழு." ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவர் பார்த்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. வெளி ஆள் பார்க்க முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டுமா. இவளுடைய அப்பா கடைசி வரை ஒரு நாள் முகத்தைச் சுளித்ததில்லை. காலில் புண் வந்து, விரல் கறுத்து, அது மேலே ஏறி, அத்தனைக்கும் வலிக்குதா என்று கேட்டால் தலையை ஆட்டுவார், இல்லை என்று. மனுஷன் என்றால் அப்படி. டாக்டர் என்னிடம் கோபமாகக் கேட்டார், ஏம்மா இவ்வளவு நாள் கூட்டிட்டு வரலை, நீங்களே ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு. அவர் வலின்னு சொல்லவே இல்லைங்க டாக்டர் என்றேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவர் ஏன் சொல்லவில்லை என்று நான் யோசித்ததில்லை. இப்போது எதற்கு யோசிக்கிறேன். எறா கையெல்லாம் நாறுகிறது.

வறட்டு இருமல். மூன்றாவதாகச் சொன்னது வறட்டு இருமல்தான், காய்ச்சல் இல்லை. வினோதினி உள்ளே திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தாள், ஜெசிந்தா என்னை வாசல் பக்கம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள், "ஆண்ட்டி, இவங்க ரொம்ப ஒல்லி. தோளுக்குக் கீழயே நுரையீரல் நுனி இருக்கு. பாத்துத்தான் போட்டேன், ஆனா கடைசியில அசைஞ்சுட்டாங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா, வறட்டு இருமல் வந்தா காத்திருக்காதீங்க. இன்னைக்கு முழுக்கக் கவனிக்கணும், சிலருக்கு லேட்டாகூட வரும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. அவங்ககிட்டயும் மறக்காம சொல்லிடுங்க." "சொல்லிடறேன்மா" என்றேன். சொல்லும் எண்ணம் அப்போதே இல்லை. அபூர்வம் என்று அவளே சொன்னாள். ஆயிரத்தில் ஒருவருக்கோ, பத்தாயிரத்தில் ஒருவருக்கோ. எந்தக் காகிதத்தை எடுத்தாலும் கடைசி வரியில் செத்துப்போகலாம் என்று போட்டிருக்கும், நான் ஜன்னலில் உட்கார்ந்து அதை ஒவ்வொருத்தருக்கும் வாசித்துக்கொண்டிருந்தால் ஊரில் யார் மாத்திரை தின்பார்கள். ஆட்டோவில் சொல்லியிருந்தால் அங்கேயே மூச்சு வாங்கியிருக்கும். சொல்லாமலே வாங்குகிறதே. சொல்லாமல் எப்படி வந்தது. அதுதான் இடிக்கிறது. இவளுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, காகிதம் இல்லை, குத்துகிறது என்றாள், இருமுகிறாள். இப்போது போய்ச் சொல்லலாம். கையைக் கழுவிக்கொண்டு போய், வினோ, அந்தப் பொண்ணு ஒண்ணு சொன்னா என்று ஆரம்பிக்கலாம். எப்ப சொன்னாங்க என்று கேட்பாள். கிளினிக்கிலேயே என்று சொல்ல வேண்டும். ஆட்டோவில் குத்துது என்று சொன்னேனே, அப்பவே உனக்குத் தெரியுமா என்று கேட்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். கேட்டால்கூடப் பதில் சொல்லலாம். அப்போதே சொல்லியிருந்தால் சுலபம், இப்போது ஒவ்வொரு இருமலுக்கும் கஷ்டம் கூடிக்கொண்டே போகிறது. தானாக அடங்கிவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு வழி இருக்கிறது. நிஜமாகவே நுரையீரலில் பட்டிருந்தால் படி ஏற முடியாது. ஏறிவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், நானும் நிம்மதியாகக் குழம்பு வைப்பேன். எழுந்து கூடத்து வாசலில் நிற்கிறேன். சோபாவில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், சாயவில்லை, டிவி ஓடவில்லை, கையில் போன் இல்லை. "மாடியில துணி காயுது. எடுத்துட்டு வந்துடு" என்கிறேன். என்னைப் பார்க்கிறாள். முடியாது என்று சொல்லிவிடு, வாயைத் திறந்து ஒரு தடவை சொல், சொன்னால் நான் விட்டுவிடுகிறேன். கையை ஊன்றி எழுந்து போகிறாள். செருப்புச் சத்தம் கேட்கிறது, மொட்டைமாடிப் படி என் தலைக்கு மேலேதான் போகிறது. சத்தம் நிற்கிறது. வளைவில் நின்றிருக்கிறாள். நான் சட்டியைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சுண்ணாம்பு உரிந்த இடத்தையே பார்க்கிறேன். மறுபடியும் சத்தம், இப்போது ஒவ்வொன்றாக. போய்விட்டாள். பார்த்தாயா, ஏறிவிட்டாள். ஏறிவிட்டாள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், எண்ணெய் ஊற்றுகிறேன், வெங்காயம் போடுகிறேன். வெங்காயம் வதங்கிச் சிவக்கிறது, தக்காளி போடுகிறேன். அவள் இறங்கி வரவில்லை. துணி எடுக்க இவ்வளவு நேரமா. அங்கே உட்கார்ந்து போன் பேசுகிறாளோ. பேசட்டும், பேசினால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். காதைக் கொடுக்கிறேன். பேச்சுக்குரல் இல்லை. அடுப்பை அணைக்கிறேன், எதற்கு அணைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடியும் பற்ற வைக்கவில்லை.

வந்துவிட்டாள். அடுப்படி வாசலில் நிற்கிறாள். துணியை மேலேயே மடித்து அடுக்கி, என்னுடைய புடவையை மேலாக வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மா, மூச்சு, இழுக்க முடியலை" என்கிறாள். ஒரு வாக்கியத்தில் இரண்டு தடவை நிறுத்துகிறாள். "வெயில்ல ஏறினா அப்படித்தான்" என்று என் வாய் சொல்கிறது. என் கண் வேறொன்றைப் பார்க்கிறது. மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குக் கீழே குழி உள்ளே போகிறது. மூக்கு விரிகிறது. உதட்டில் நிறம் இல்லை. இது யாருக்கும் நடிக்க வராது, வரவழைத்துக்கொள்ளவும் முடியாது, இதை நான் ஜன்னலில் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களை வரிசையிலிருந்து விலக்கி முதலில் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களை அனுப்பியிருக்கிறேன். துணியை வாங்கிக் கீழே போட்டேன். "கிளம்பு" என்றேன். "எங்க?" "ஆஸ்பத்திரிக்கு." இவள் முகத்தில் ஆச்சரியம் வந்தது. நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் நம்பிவிட்டேன் என்று ஆச்சரியப்படுகிறாள். "அவ்வளவு முடியாம இல்லைம்மா" என்கிறாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள். ஆட்டோவில் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள், கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருந்தது, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், எறா நாற்றத்தோடு. இப்போது சொல்லலாமா என்று திருப்பாதிரிப்புலியூர் கேட் வரைக்கும் யோசித்தேன். ரயில் போகக் காத்திருந்தோம். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இனிமேல் டாக்டர் சொல்லிவிடுவார், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டரும் சின்ன வயசு. எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார், எனக்குக் காட்டவே வேண்டியதில்லை, வலது பக்கம் நுரையீரல் சுருங்கிப் பாதிக்கு நிற்கிறது. "ஊசி லேசா நுரையீரல்ல பட்டிருக்கு. காத்து கசிஞ்சு நெஞ்சுக்குள்ள நின்னு அழுத்துது. குழாய் போட்டு எடுத்தா சரியாயிடும், பயப்படாதீங்க. ஆனா ஏன் இவ்வளவு நேரம் வீட்ல இருந்தீங்க? மாடி வேற ஏறியிருக்கீங்க. ஊசி போட்டவங்க எதுவும் சொல்லலையா?" வினோதினி தலையை ஆட்டினாள், இல்லை என்று. "யார் அது? நம்பர் இருக்கா?" அவளே போனை எடுத்துக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டு டாக்டர் பக்கம் நீட்டினாள். நான் கையை நீட்டி வாங்கியிருக்கலாம். விஷயத்தைக் கேட்டதும் ஜெசிந்தா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் பயந்தேன் சார். அதனாலதான் அம்மாகிட்ட அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பினேன். மூச்சு வாங்கினா, இருமல் வந்தா உடனே வரணும்னு. அவங்ககிட்டயும் சொல்லிடறேன்னு ஆண்ட்டி சொன்னாங்களே." டாக்டர் என்னைப் பார்த்தார். வினோதினி பார்க்கவில்லை. "நான் கேட்டுக்கறேன் ஜெசிந்தா, நீங்க அழாதீங்க" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தாள். "உன் நல்லதுக்குத்தான்" என்று நான் ஆரம்பித்தேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சாமான்கள் தட்டில் இடிபடுகிற சத்தம், மூச்சை விடுங்க, இப்ப அசையாதீங்க என்று டாக்டர் குரல். அப்புறம் இவள் கத்தினாள். ஒரே தடவை. எனக்கு முதலில் என்ன தோன்றியது என்றால், மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்களே, அதற்குப் பிறகு இவ்வளவு வலி இருக்காதே என்று. யாரும் கேட்டுவிடவில்லை. எனக்கே கேட்டது. நான் அந்த நினைப்பைக் கூப்பிடவில்லை, அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, இத்தனை வருஷமாக வருகிற மாதிரியே. விரட்டிப் பார்க்கிறேன், என் பெண், ஒரே பெண், விலா எலும்புக்கு நடுவில் துளை போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அழுகைகூட வருகிறது. அழுகையும் வருகிறது, அதுவும் போகவில்லை. கதவு திறந்து கூப்பிட்டார்கள். போனேன். பக்கவாட்டில் குழாய், கீழே பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது, உதட்டில் நிறம் திரும்பியிருக்கிறது. கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், கோபம் என்றால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். கோபம் இல்லை. டாக்டர் குனிந்து கேட்கிறார், "வினோதினி, இப்ப வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி மருந்து போடணும்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், காலையிலிருந்து இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். "எனக்குத் தெரியாது டாக்டர். அம்மாவைக் கேளுங்க" என்றாள். டாக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு எண் வந்துவிட்டது. நாலு. நாலுக்கு மேல் இருக்காது.